இயங்கிய கணனி தானாக அணைகிறதா?

பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்து, சட்டி பானைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அப்போதுதான் உட்காருகிறீர்கள். உள்ளறையிலிருந்து மூத்த மகளின் குரல் கேட்கிறது.

"உம்மா, கொம்பியூட்டர் திரும்பவும் ஓப் ஆகிட்டு!"

நாளைக்குப் பாடசாலையில் ஒப்படைக்க வேண்டிய அறிக்கை அதற்குள் இருக்கிறது. போய்ப் பார்க்கிறீர்கள். பட்டனை அழுத்தினால் விசிறி சுழல்கிறது, சிறிய விளக்கு எரிகிறது. திரையில் எழுத்து வருவதற்குள் 'டிக்' என்று எல்லாம் அணைந்துவிடுகிறது. மகன் ஓடிவந்து ஒருமுறை அழுத்துகிறான். அவர்களின் வாப்பா வந்து இரண்டு முறை அழுத்துகிறார். பிறகு கேசிங்கின் பக்கத்தில் ஒரு தட்டு. கடைசியில், "நாளைக்குக் கடைக்குக் கொண்டு போவோம்" என்ற முடிவு.

கடைக்குக் கொண்டு போவதில் தவறில்லை. ஆனால், கொண்டு போவதற்கு முன் வீட்டிலேயே பார்க்கவேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் கொண்டுபோய் நாங்கள் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் கணனியும் இப்படித்தான் அணைந்து அணைந்து தொல்லை தந்தது. கடையில் கொடுத்தோம். "விண்டோஸ் பழுதாகிவிட்டது, போமட் பண்ண வேண்டும்" என்றார்கள். அது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே தலையாட்டினோம். இரண்டு நாளில் கணனி வந்தது. ஆனால் அதற்குள் இருந்த எதுவும் வரவில்லை. தங்கையின் கலியாணப் படங்கள், உம்மா மௌத்தாவதற்கு முன் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு எடுத்த படங்கள், எல்லாமே போய்விட்டன. வேறெங்கும் பிரதி வைத்திருக்கவில்லை.

அதைவிட வேதனை என்னவென்றால், கொண்டுவந்த அன்றிரவே கணனி பழையபடி அணைந்தது. சில வாரங்கள் கழித்து வீட்டுக்கு மின்விசிறி பூட்ட வந்த எலக்ரீஷன்தான் காரணத்தைக் காட்டினார். மேசைக்குப் பின்னால் சுவர்ச் சொக்கட்டில் செருகியிருந்த அடப்டரின் ஒரு பக்கம் கருகியிருந்தது. உள்ளே முள் தளர்ந்து, கதவை அடித்துச் சாத்தினாலே மின்சாரம் விட்டுவிட்டு வந்திருக்கிறது. கடையிலே வேறு சொக்கட், ஆகவே அங்கே கணனி ஒழுங்காக ஓடியிருக்கிறது. ஓர் அடப்டரின் விலையோடு முடிய வேண்டிய விடயம், உம்மாவின் படங்களைக் கொண்டுபோய்விட்டது.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் அப்படி நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு கடிகாரமும், ஒரு துண்டுக் கடதாசியும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

கணனி ஏன் தன்னைத்தானே அணைக்கிறது?

நமது வீட்டுச் சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மின்சாரம். கணனியின் உள்ளுறுப்புகளுக்கு அவ்வளவு வேண்டாம். 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று சிறு அளவுகளே வேண்டும். பெரியதைச் சிறியதாக மாற்றித் தருவது, கேசிங்கின் பின்புறம் மின்கம்பி செருகும் இடத்திலுள்ள இரும்புப் பெட்டி. அதற்குப் பெயர் பவர் சப்ளை.

1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். என்றொரு அமைப்பை வெளியிட்டது. இன்றும் பெரும்பாலான மேசைக் கணனிகள் அதன் வழியில் வந்தவையே. அதன்படி நீங்கள் பட்டனை அழுத்தும்போது மின்சாரம் நேரே திறந்துவிடப்படுவதில்லை. பட்டன் மதர்போட்டுக்குச் சொல்கிறது. மதர்போட் பவர் சப்ளையை எழுப்புகிறது. பவர் சப்ளை தான் தரும் வோல்ட் அளவுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, அரை நொடிக்குள் 'எல்லாம் சரி' என்று ஒரு சைகை அனுப்புகிறது. அந்தச் சைகை வந்தால்தான் கணனி வேலையைத் தொடங்கும்.

எங்காவது மின்சாரம் குறுக்கே பாய்ந்தால், அல்லது அளவுக்கு மேல் இழுக்கப்பட்டால், பவர் சப்ளை உடனே மூடிக்கொள்ளும். அதுபோலவே கணனியின் மூளையான புரொசஸர் அளவுக்கு மேல் சூடேறினால், தான் கருகிப்போகாதிருக்க எல்லாவற்றையும் அணைத்துவிடும். குசினியில் ஈரக்கையால் எதையாவது தொட்டதும் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதல்லவா? ட்ரிப் சுவிட்ச் பழுதென்று அதைக் கழற்றி எறிகிறோமா? என்ன காரணத்தால் விழுந்தது என்றுதான் தேடுகிறோம். கணனி அணைவதையும் அப்படியே பார்க்க வேண்டும். எனவே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். அது காரணத்தைத் தீர்க்காது. சிலவேளை பழுதைப் பெருக்கும்.

முதலில், உண்மையிலேயே அணைகிறதா?

திரை கறுத்துவிட்டால் கணனி அணைந்துவிட்டதென்று நினைக்கிறோம். எப்போதும் அப்படியல்ல. கேசிங்கின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். விசிறிச் சத்தம் இருக்கிறதா? இருந்தால் கணனி உயிரோடுதான் இருக்கிறது. மொனிட்டரின் வயர் தளர்ந்திருக்கலாம், அல்லது மொனிட்டரே பழுதாகியிருக்கலாம்.

விசிறி நின்று முன்விளக்கு மட்டும் மெல்ல மின்னிக்கொண்டிருந்தால் அது தூக்க நிலை. கீபோட்டைத் தட்டினால் எழும்பும். எத்தனை நிமிடத்தில் தூங்க வேண்டும் என்பதை விண்டோஸ் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

நீலத் திரை தோன்றி, தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கினால் அது வேறு நோய். அங்கே மென்பொருளும் காரணமாக இருக்கலாம், நினைவகமும் காரணமாக இருக்கலாம். ஒரு வார்த்தையும் சொல்லாமல், விளக்கு, விசிறி, திரை மூன்றும் ஒரே கணத்தில் நின்றுபோவதைப் பற்றித்தான் நாம் இங்கே பேசுகிறோம்.

கடிகாரத்தைப் பாருங்கள்

வயிற்றுவலி என்று பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோனால், "எப்போது வலிக்கிறது? சாப்பிடுமுன்னா, சாப்பிட்ட பின்னா?" என்றுதானே முதலில் கேட்கிறார். கணனிக்கும் அதுவே முதற்கேள்வி. பட்டனை அழுத்தியதிலிருந்து எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று கடதாசியில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை குறித்தால் போதும். ஒவ்வொரு முறைக்கும் இடையில் பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டுவிடுங்கள். பாதுகாப்புக்காக மூடிக்கொண்ட பவர் சப்ளை, பிளக்கைக் கழற்றிச் சற்று விட்டால்தான் பழைய நிலைக்கு வரும்.

அழுத்தியதும் ஒரு நொடிக்குள் அணைகிறதென்றால், உள்ளே எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கிறது, அல்லது ஒரு வயர் சரியாகச் செருகப்படவில்லை, அல்லது பவர் சப்ளையே பழுது.

ஒவ்வொரு முறையும் நான்கைந்து நொடியில், அளந்து வைத்தாற்போல அணைகிறதென்றால், முன்பட்டனைச் சந்தேகியுங்கள். பட்டனை நான்கு நொடி தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் கணனி கட்டாயமாக அணைய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டு வெளியே வராமலிருந்தால், யாரோ விரலால் அழுத்திப் பிடித்திருப்பதாகவே கணனி எண்ணிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பட்டனின் இடுக்கில் பிஸ்கட் தூளும் தேநீர்ச் சீனியும் ஒட்டியிருப்பது அதிசயமல்ல.

ஐந்து, பத்து நிமிடம் ஓடிவிட்டு அணைகிறதா? உடனே திரும்பப் போட்டால் இன்னும் சீக்கிரமாக அணைகிறதா? ஒரு மணித்தியாலம் ஆறவிட்டால் மீண்டும் பத்து நிமிடம் ஓடுகிறதா? அப்படியானால் அது சூடு. இந்த அடையாளத்தைப்போல் தெளிவான அடையாளம் வேறில்லை.

சாதாரணமாக எழுதும்போது ஓடுகிறது, மகன் விளையாட்டைத் தொடங்கியதும் அணைகிறது என்றால், ஒன்றில் சூடு, அல்லது அதிக வேலைக்கு ஈடுகொடுக்க முடியாத பலவீனமான பவர் சப்ளை.

ஒழுங்கே இல்லாமல் அணைகிறதா? பிரிட்ஜ் உறுமிக்கொண்டு தொடங்கும்போது, தண்ணீர் மோட்டார் போடும்போது, மேசை அசையும்போது, மேசைக்குப் பின்னால் கூட்டிப் பெருக்கும்போது அணைகிறதா? அப்படியானால் கேசிங்கைத் திறக்கவே வேண்டாம். குற்றம் பெரும்பாலும் வெளியில் இருக்கிறது.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

நமது நாட்டுப் பழைய வீடுகளில் 5 அம்பியர், 15 அம்பியர் உருண்டை முள் சொக்கட்டுகளும், புதிய வீடுகளில் 13 அம்பியர் தட்டை முள் சொக்கட்டுகளும் இருக்கின்றன. 13 அம்பியர் வகையொன்றே நாட்டின் தரமாக இருக்கவேண்டுமென 2017இல் தீர்மானிக்கப்பட்டபோதும், பழைய சுவர்கள் பழைய சொக்கட்டுகளோடுதான் நிற்கின்றன. அதனால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடப்டர்களைச் செருகிச் சமாளிக்கிறோம். தட்டை முள் சொக்கட்டின் மேல் துளையில் பேனையைக் குத்தித் திறந்துகொண்டு, இரண்டு முள் பிளக்கை உள்ளே தள்ளும் பழக்கமும் நம்மிடம் உண்டு. அந்த மேல் துளை எர்த் கம்பிக்கானது. அப்படித் தள்ளினால் எர்த் இல்லாமலே கருவி ஓடும். கேசிங்கைத் தொட்டதும் விரலில் சுள்ளென்று ஏறுகிறதென்றால், பெரும்பாலும் எர்த் இல்லை என்றே பொருள். இதை அலட்சியம் செய்யாமல் எலக்ரீஷனிடம் காட்டுங்கள்.

இனிச் செய்யவேண்டியது இது. சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அடப்டரையும் மல்ரி பிளக்கையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கருகிய மணம், பழுப்பு நிறம், உருகிய பிளாஸ்டிக், ஆடும் முள், இவற்றில் ஒன்று இருந்தாலும் குப்பைக்குப் போடுங்கள். ஒட்டுநாடா சுற்றிப் பாவிக்காதீர்கள். கணனி அணைந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். மேசைத் திரை தீப்பற்றினால் என்ன செய்வது?

அடுத்து, கணனியின் பின்புறம் செருகும் கம்பி. அது அழுத்தமாக உட்கார்ந்திருக்க வேண்டும். மொனிட்டருக்கும் பெரும்பாலும் அதே வகைக் கம்பிதான். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கணனி நின்று ஓடி, மொனிட்டர் அணையத் தொடங்கினால் கள்ளன் யாரென்று தெரிந்துவிடும்.

பழைய பவர் சப்ளைகளின் பின்புறத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அதில் 115 என்றும் 230 என்றும் எழுதியிருக்கும். நமது நாட்டில் அது 230இல்தான் இருக்க வேண்டும். பிள்ளைகள் பென்சிலால் நெம்பி 115இற்குத் தள்ளிவிட்டால், போட்ட கணமே பவர் சப்ளை வெடித்துப் போகலாம். அதன் மேல் ஓர் ஒட்டுத்தாளை ஒட்டிவிடுங்கள்.

யூ.பி.எஸ். பெட்டி வைத்திருக்கிறீர்களா? அதன் பட்டறி சாதாரணமாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே நல்ல நிலையில் இருக்கும். நமது வெக்கையில் அதற்கு முன்னரும் ஓய்ந்துபோகும். மின்சாரம் ஒரு கணம் தடுமாறும்போது யூ.பி.எஸ். பட்டறிக்கு மாறும். பட்டறி ஓய்ந்திருந்தால் அந்தக் கணத்திலேயே கணனி விழும். வீட்டு மின்குமிழ் சற்றே மங்கி எரிந்திருக்கும், உங்களுக்கு அது தெரிந்தும் இராது. யூ.பி.எஸ்.ஸை ஒதுக்கி, கணனியை நல்ல சொக்கட்டில் நேரடியாகச் செருகி ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். அணையாவிட்டால் மாற்ற வேண்டியது பட்டறியைத்தான், கணனியை அல்ல. லேசர் பிரின்டரை ஒருபோதும் யூ.பி.எஸ்.ஸில் செருகாதீர்கள். அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை யூ.பி.எஸ். தாங்காது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டோம். 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் இருண்டதும் நினைவிருக்கும். அவ்வேளைகளில் பழுதான பொருட்கள் பலவும் மின்சாரம் போனபோதல்ல, திரும்பி வந்தபோது பழுதானவையே. வரும் முதல் மின்சாரம் சீராக இராது. ஆகவே மின்சாரம் போனதும் கணனியின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வந்து சில நிமிடம் சென்றபின் செருகுங்கள். இடி முழங்கும் ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அப்படியே செய்யுங்கள்.

மூடியைத் திறக்கலாமா?

வெளியே எல்லாம் சரியென்றால் கேசிங்கின் பக்க மூடியைத் திறக்கலாம். கணனி உத்தரவாதக் காலத்திற்குள் இருந்தால் திறக்காமல் விற்றவரிடமே கொடுங்கள். திறப்பதானால் முதலில் பிளக்கை முற்றாகக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கழற்றியபின் முன்பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். எஞ்சிய மின்சாரம் வடிந்துவிடும். உள்ளே கைவைக்குமுன் கேசிங்கின் வெறும் இரும்பை ஒருமுறை தொடுங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். வளையல், மோதிரம், தொங்கும் முந்தானை எல்லாம் ஒதுங்கியிருக்கட்டும்.

பவர் சப்ளை என்று சொன்னேனே, அந்த இரும்புப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதற்குள் 300 வோல்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். உயிரைக் குடிக்க அது போதும். அதன் துளைகளுக்குள் ஊசி, கொண்டைக்குத்தி எதையும் விடவும் கூடாது.

மற்றவற்றைப் பாருங்கள். நடுவில் விசிறியோடு ஓர் அலுமினியக் கட்டி இருக்கும். அதன் அடியில்தான் புரொசஸர் இருக்கிறது. அலுமினிய இதழ்களுக்கிடையே தூசு கம்பளம்போலப் படிந்திருந்தால் காற்று எப்படிப் போகும்? குசினிக்கு அடுத்த அறையில் கணனி வைத்திருப்போருக்கு இது இன்னும் மோசம். எண்ணெய்ப் புகையோடு சேர்ந்த தூசு பிசினாகிவிடும். காய்ந்த பெயின்ட் தூரிகையால் மெதுவாகத் தட்டிவிடுங்கள். விசிறியைச் சுழலவிடாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டாம். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் படும்.

இறந்த பல்லி, எறும்புக் கூடு, கழன்று விழுந்த ஒரு சிறு திருகாணி, இவற்றையும் தேடுங்கள். இரண்டு மின்வழிகளின் மேல் விழுந்துகிடக்கும் ஒரு பல்லி போதும், போட்ட கணமே கணனி அணைய. பின்புற யூ.எஸ்.பி. துளைகளில் வளைந்து ஒன்றோடொன்று முட்டும் தகடுகளும் இதே வேலையைச் செய்யும். ஆகவே கீபோட், மவுஸ், பிரின்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பவர் சப்ளையிலிருந்து மதர்போட்டுக்கு வரும் பெரிய 24 முள் இணைப்பும், புரொசஸர் அருகே வரும் 4 அல்லது 8 முள் இணைப்பும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று அழுத்திப் பாருங்கள். ரெம் எனப்படும் நீளமான நினைவகத் தட்டு சரியாகப் பதியாவிட்டாலும், சில கணனிகள் இயங்கி அணைந்து, இயங்கி அணைந்து விளையாட்டுக் காட்டும். இரு முனையிலுமுள்ள பிடியை விலக்கி, அதைக் கழற்றி, 'டக்' என்று பிடி விழும்வரை நேராக அழுத்திப் பூட்டுங்கள்.

விசிறியெல்லாம் சுற்றியும் சூடு தீரவில்லையென்றால், அலுமினியக் கட்டிக்கும் புரொசஸருக்கும் நடுவில் தடவிய பசை காய்ந்துபோயிருக்கும். அது கடைக்காரரின் வேலை. ஆனால் பசை புதிதாகத் தடவுவது சிறு வேலைதான், புதுக் கணனி வாங்குவதற்கான காரணமல்ல.

வீங்கிய சிறு டப்பாக்கள்

மதர்போட்டில் சுண்டுவிரல் நுனியளவு உருளைகள் வரிசையாக நிற்கும். அவற்றின் பெயர் கெப்பாசிட்டர். தலை தட்டையாக இருக்க வேண்டும். பழைய ரின்மீன் டப்பா கெட்டு மேற்புறம் உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அது பழுது.

2000ஆம் ஆண்டையொட்டி இது உலகளாவிய தொல்லையாகவே இருந்தது. தரங்குறைந்த திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் பல நிறுவனங்களின் கணனிகளுக்குள் புகுந்துவிட்டன. டெல் நிறுவனம் இத்தகைய கணனிகளைத் திருத்தவும் மாற்றவும் 2005இல் 300 மில்லியன் டொலரை ஒதுக்க வேண்டி வந்தது. பாவித்த கணனி வாங்குவோர் பணம் கொடுப்பதற்கு முன் மூடியைத் திறக்கச் சொல்லி இந்த உருளைகளைப் பார்ப்பது நல்லது. கேட்கத் தயங்க வேண்டாம். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதற்கு நாம் தயங்குவதில்லையே.

விண்டோஸ் குற்றவாளியா?

இனி, எங்கள் வீட்டுக்கு யாரும் சொல்லித் தராத ஒரு சோதனையைச் சொல்கிறேன். கணனியைப் போட்டவுடன் டிலீட் விசையை, அல்லது எப் 2 விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். எந்த விசை என்பது சில கணனிகளில் மாறும். முதல் திரையிலேயே எழுதியிருக்கும். பயோஸ் என்னும் அமைப்புத் திரை திறக்கும். அதில் எதையும் மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.

அந்தத் திரையில் நிற்கும்போது விண்டோஸ் இன்னும் தொடங்கவே இல்லை. அங்கேயும் கணனி அணைகிறதென்றால் விண்டோஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போமட் செய்வதால் ஒரு பயனும் இல்லை. இந்த ஒன்றைத் தெரிந்திருந்தால் உம்மாவின் படங்கள் இன்றும் எங்களிடம் இருந்திருக்கும்.

பல கணனிகளில் அதே திரையில் புரொசஸரின் சூடும், வோல்ட் அளவும் காட்டப்படும். 12 வோல்ட் என்றிருப்பது 11.4இற்குக் கீழோ 12.6இற்கு மேலோ போனால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். ஒரு வேலையும் இல்லாமல் இருக்கும்போதே சூடு 80, 90 பாகை என்று ஏறிக்கொண்டு போனால், குளிரூட்டும் பகுதியில்தான் குறை.

விண்டோஸ் தன் குறிப்பேட்டில் கேர்னல் பவர் 41 என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கும். அதைக் காட்டி விண்டோஸ் கெட்டுவிட்டதென்று சிலர் சொல்லலாம். அந்தக் குறிப்பின் பொருள், முறையாக மூடாமல் கணனி நின்றுவிட்டது என்பது மட்டுமே. ஏன் நின்றது என்பதை அது சொல்லாது.

கடைக்குக் கொடுக்கும்போது

மேலே சொன்னவற்றையெல்லாம் பார்த்த பிறகும் அணைகிறதா? அப்போது கடைதான் வழி. திறமையும் நேர்மையும் உள்ள திருத்துநர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் விபரத்தோடு போனால் அவர்களின் வேலையும் சுலபமாகும். வெறுமனே 'வேலை செய்யவில்லை' என்று சொல்லாமல், ஒரு கடதாசியில் இவ்வாறு எழுதிக் கேசிங்கில் ஒட்டிக் கொடுங்கள்:

பட்டனை அழுத்தி எவ்வளவு நேரத்தில் அணைகிறது.

பயோஸ் திரையிலும் அணைகிறதா, இல்லையா.

வேறு சொக்கட்டிலும், யூ.பி.எஸ். இல்லாமலும் போட்டுப் பார்த்ததில் என்ன நடந்தது.

எங்களைக் கேட்காமல் போமட் செய்யவேண்டாம்.

மாற்றும் பழைய உறுப்பைத் திருப்பித் தரவும்.

இன்னுமொன்று. மின்சாரக் கோளாற்றைக் கண்டுபிடிக்க உங்கள் ஹாட் டிஸ்க் தேவையில்லை. அது இல்லாமலே பயோஸ் திரைவரை கணனியை ஓட்டிப் பார்க்கலாம். ஆகவே தெரிந்த ஒருவரைக் கொண்டு அதைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். நமது குடும்பப் படங்கள், பெண்பிள்ளைகளின் படங்கள், வங்கி விபரங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அந்நியர் கண்ணுக்கு அவை போக வேண்டிய அவசியம் என்ன? இதைச் சொன்னால் எந்த நல்ல கடைக்காரரும் கோபிக்கமாட்டார்.

பவர் சப்ளை மாற்ற வேண்டுமென்றால், முதலில் கடையிலுள்ள நல்லதொன்றைப் பூட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அணையாமல் ஓடினால் புதியது வாங்குங்கள். அதில் மட்டும் சல்லியை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். பெயரில்லாத மலிவுப் பெட்டி பழுதாகும்போது மதர்போட்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

இன்றிரவே ஒரு வேலை

உங்கள் வீட்டுக் கணனி இன்று நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் மிகவும் நல்லது, இதுதான் தருணம். இன்றிரவே முக்கியமான படங்களையும் கடிதங்களையும் ஒரு யூ.எஸ்.பி. கோலிலோ வெளி ஹாட் டிஸ்க்கிலோ பிரதி செய்து வையுங்கள். அதைக் கணனி மேசையில் வைக்காமல், வீட்டு உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

அது முடிந்ததும் குனிந்து மேசைக்குப் பின்னால் ஒருமுறை பாருங்கள். அந்த அடப்டர் எப்படி இருக்கிறது?